கிறிஸ்தவக் கல்லூரியில் மானுடவியல் மேஜர் எடுக்கலாமா?

நீங்கள் கேட்டது பார்க்க ஒரே கேள்விதான். மகளுக்கு இல்லினாய் மாநிலத்தில் இருக்கும் வீட்டன் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, மானுடவியலை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, எடுக்கப் போகிறேன் என்கிறார், சரி சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் வீட்டுக்குள் இரண்டு பயங்கள் எதிரும் புதிருமாக நிற்கின்றன. அந்தப் படிப்பு பெண்ணின் விசுவாசத்தைக் கெடுத்துவிடும் என்பது உங்கள் மனைவியின் பயம். கிறிஸ்தவக் கல்லூரியில் தருவது அரைகுறை மானுடவியலாக இருக்கும், பரிணாமத்தையே ஒழுங்காகச் சொல்லித்தர மாட்டார்கள், வெளியே அந்தப் பட்டத்தை யார் மதிப்பார்கள் என்பது உங்கள் பயம். கடைசி வரியில் வேலை கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள், அதற்கும் வருகிறேன்.

நான் மானுடவியலில் முனைவர் பட்டம் வாங்கியவன். இங்கே அமெரிக்காவில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் பல வருடங்களாகப் பாடம் நடத்துகிறேன், அதற்கு முன் ஒரு சின்ன கிறிஸ்தவக் கல்லூரியிலும் நடத்தியிருக்கிறேன். வீட்டனில் படித்ததும் இல்லை, வேலை பார்த்ததும் இல்லை. அங்கே படித்துவிட்டு மேற்படிப்புக்கு வந்தவர்களைத் தெரியும், அவ்வளவுதான். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், சி.எஸ்.ஐ. குடும்பம். அதனால் உங்கள் வீட்டில் நடக்கும் பேச்சு எப்படி இருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது.

முதலில் ஒன்று. வீட்டனில் மானுடவியல் நேற்று ஒட்டவைத்த பாடம் இல்லை. உலகப் புகழ்பெற்ற நற்செய்திப் பிரசங்கியார் பில்லி கிரகாம் 1943-இல் அங்கே வாங்கிய பட்டமே மானுடவியலில்தான், இறையியலில் இல்லை. நம் சபைகளில் அவர் பெயரை அறியாத ஆள் கிடையாது, ஆனால் இந்த விஷயம் தெரிந்தவர்கள் குறைவு, உங்கள் மனைவியிடம் இதை முதலில் சொல்லிப் பாருங்கள். மிஷனரியாகப் போகிறவர்களுக்கு அந்நிய மக்களின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ளும் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்திலேயே அங்கே வேரூன்றியிருந்தது. 1953-இல் ராபர்ட் டெய்லர் என்பவர் வீட்டனிலிருந்து 'பிராக்டிகல் ஆந்த்ரோபாலஜி' என்றொரு பத்திரிகையைத் தொடங்கினார், அது 1973-இல் 'மிசியாலஜி' (மிஷனரிப் பணி பற்றிய ஆய்வு) என்ற இதழோடு கலக்கும்வரை வந்துகொண்டிருந்தது. வீட்டனின் தலைவராக இருந்த ஒருவரின் மகன் ஜேம்ஸ் பஸ்வெல், இவரும் மானுடவியலாளர், வேத வசனத்தைக் காட்டி அடிமைமுறையையும் நிறப் பிரிவினையையும் நியாயப்படுத்தியவர்களை எதிர்த்து 1964-இல் ஒரு புத்தகமே எழுதினார். இந்தப் படிப்பு தானாக ஆளை மாற்றிவிடும் என்று சொல்ல வரவில்லை. கிரகாமே 1953-இல் சட்டனூகா கூட்டத்தில் கருப்பரையும் வெள்ளையரையும் பிரித்துக் கட்டியிருந்த கயிற்றை எடுத்துப் போட்டார், அதே வருடம் டல்லாஸில் பிரித்து உட்காரவைத்ததை ஏற்றுக்கொண்டார்.

பரிணாமத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் இரண்டு பேருமே எதிரெதிர்க் காரணங்களுக்காக அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். வீட்டனின் விசுவாச அறிக்கையில், ஆதாமையும் ஏவாளையும் தேவன் நேரடியாகப் படைத்தார், மனித இனம் முழுவதற்கும் வரலாற்றில் வாழ்ந்த பெற்றோர் அவர்களே என்று இருக்கிறது. ஆசிரியர்கள் வருடா வருடம் அதை ஏற்று உறுதி சொல்ல வேண்டும். மாணவர்கள் அந்த அறிக்கைக்குக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அவர்களுக்கு நடத்தை சம்பந்தமான ஓர் உடன்படிக்கை தனியாக உண்டு. (அந்த நடத்தை விதிகளைத் தளர்த்திய பிறகு, 2003-இல்தான் கல்லூரி தன் முதல் நடன நிகழ்ச்சியையே நடத்தியது. தொடங்கியது 1860-இல்.) பூமியின் வயது பற்றி அறிக்கையில் ஒன்றும் இல்லை. ஆனால் மனிதனின் தோற்றம் என்று வரும்போது கோடு அங்கே கிழிக்கப்பட்டிருக்கிறது, 1961-இல் உயிர்களின் தோற்றத்தைப் பற்றி அங்கே நடந்த ஒரு கருத்தரங்கு சபைகளில் சலசலப்பைக் கிளப்பியதிலிருந்தே அந்தக் கோட்டில் நிர்வாகம் கவனமாக இருக்கிறது.

மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத் என்ற இடத்தில் கிடைத்த மனித எலும்புகள் ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2017-இல் வந்த ஆய்வையோ, நம்மில் பலருடைய மரபணுவில் நியாண்டர்தால் என்ற மறைந்துபோன மனித இனத்தின் பங்கு இருக்கிறது என்று 2010-இல் தெரியவந்ததையோ ஓர் ஆசிரியர் வகுப்பில் எப்படிக் கையாள்கிறார் என்பது அறிக்கையைப் படித்து முடிவு கட்டக்கூடிய விஷயம் இல்லை. ஆளுக்கு ஆள் மாறும். சான்றுகள் இவை, அறிவியல் சொல்வது இது, கிறிஸ்தவர்கள் இதை இன்னின்ன விதமாக எதிர்கொள்கிறார்கள் என்று ஒளிக்காமல் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அத்தியாயத்தை மட்டும் "நேரமில்லை" என்று தாண்டிப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தாண்டிப் போவதுதான் மோசம், எதிர்த்துப் பேசுவதுகூட அவ்வளவு மோசமில்லை என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் எதிர்த்துப் பேசவாவது விஷயத்தை மேசைமேல் வைத்தாக வேண்டும்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. அமெரிக்காவில் மானுடவியல் என்றால் பண்பாட்டு மானுடவியல், தொல்லியல், உயிரியல் மானுடவியல், மொழிசார் மானுடவியல் என்று நான்கும் சேர்ந்தது என்பது மரபு. சின்னக் கல்லூரி எதுவாக இருந்தாலும், கிறிஸ்தவமோ இல்லையோ, இந்த நான்கையும் சமமாகத் தர ஆள் பலம் இருக்காது. கிறிஸ்தவக் கல்லூரிகளில் கனம் பெரும்பாலும் பண்பாட்டு மானுடவியலில்தான் விழும். உங்கள் மகளுக்கு எலும்பு, புதைபடிவம், மரபணு, குரங்கினங்கள் என்று ஆசை இருந்தால் வேறு கல்லூரி பாருங்கள், இதைத் தயங்காமல் சொல்வேன். மனிதர்களோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் எப்படிக் கல்யாணம் செய்கிறார்கள், எப்படிச் சாமி கும்பிடுகிறார்கள், எப்படிக் கடன் வாங்குகிறார்கள் என்று எழுதுவதில் ஆசை என்றால், அது பரிணாமச் சண்டை அவ்வளவாக எட்டாத இடம். அங்கே நல்ல கிறிஸ்தவக் கல்லூரியில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒன்று கிடைக்கும்.

அது என்ன என்பதற்குப் பால் ஹீபர்ட்டைச் சொல்கிறேன். ஐதராபாத் விமான நிலையம் இன்று இருக்கிறதே ஷம்ஷாபாத், அங்கே 1932-இல் மெனனைட் என்ற புராட்டஸ்டண்ட் பிரிவைச் சேர்ந்த மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர், மானுடவியலாளர். மின்னசோட்டாவில் முனைவர் பட்டம் வாங்கி, கொண்டூரு என்ற தெலுங்குக் கிராமத்தில் களப்பணி செய்து, அந்தக் கிராமத்தின் சாதி, உறவு, அதிகார அமைப்பைப் பற்றி 1971-இல் ஒரு நூல் வெளியிட்டார். அது மதப் பிரசாரமே இல்லாத சுத்தமான இனவரைவியல், அதாவது ஒரு மக்களோடு தங்கி அவர்கள் வாழ்க்கையைப் பதிவு செய்யும் எழுத்து. பிறகு ஃபுல்லர் இறையியல் கல்லூரியில் கற்பித்தபோது, 1982-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு கிராமத்தில் அம்மை பரவுகிறது. ஊர் அம்மன் மைசம்மாவுக்கு எருமை பலி கொடுக்க ஊரே பணம் போடுகிறது, கிறிஸ்தவர்கள் மட்டும் கொடுக்க மறுக்கிறார்கள். அப்புறம் ஒரு கிறிஸ்தவச் சிறுமிக்கே அம்மை போடுகிறது, சபை மூப்பர் வந்து ஹீபர்ட்டை ஜெபிக்கச் சொல்கிறார். முழங்கால் போட்டவருக்கு மனதுக்குள் கலக்கம். மிஷனரி பிள்ளையாக ஜெபத்தைக் கற்றிருக்கிறார், இறையியல் படித்திருக்கிறார், மானுடவியல் படித்திருக்கிறார், ஆனாலும் அந்த ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விக்குத் தன்னிடம் பதில் இல்லை என்று தெரிகிறது. மேலே தேவன், கீழே அறிவியல், இரண்டுக்கும் மேற்கத்தியப் படிப்பில் இடம் உண்டு; நடுவில் இருக்கும் பேய், கண்ணேறு, செய்வினை, செத்துப்போன முன்னோர் இவற்றுக்கெல்லாம் இடமே இல்லை, ஆகவே மிஷனரி அதைப் பற்றி வாய் திறப்பதில்லை, ஆகவே விசுவாசி ஞாயிற்றுக்கிழமை சபைக்கும் செவ்வாய்க்கிழமை மந்திரவாதியிடமும் போகிறார் என்பது அவர் வாதம். நம் ஊர்ச் சபைகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மதத்தை வெறும் சமூக ஏற்பாடாக மட்டும் பார்க்கிற வகுப்பறையில் இந்தக் கேள்வி இந்த வடிவத்தில் எழவே எழாது. சாமி கும்பிடுவது எப்படிப்பட்ட அனுபவம் என்று உள்ளிருந்து தெரிந்த மாணவர், மற்றவர்களின் சாமியைப் பற்றி எழுதும்போது அவர்களை முட்டாள்களாகக் காட்டாமல் எழுத ஒரு வாய்ப்பு இருக்கிறது. வாய்ப்புதான், உத்தரவாதம் இல்லை. துறையின் பெரிய ஆட்களிலேயே எவான்ஸ்-பிரிட்சர்ட் 1944-இல் கத்தோலிக்கரானவர், விக்டர் டர்னரும் எடித் டர்னரும் பிற்பாடு கத்தோலிக்கரானார்கள், மேரி டக்ளஸ் கன்னியர் மடப் பள்ளியில் படித்த கத்தோலிக்கர். இன்று உலகம் முழுவதும் மானுடவியலாளர்கள் அன்றாடம் பயன்படுத்தும் எமிக் (உள்ளே இருப்பவர் பார்வை), எட்டிக் (வெளியிலிருந்து ஆராய்பவர் பார்வை) என்ற பாகுபாட்டை 1954-இல் கொண்டுவந்த கென்னத் பைக், வேதாகமத்தை மொழிபெயர்ப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்த எஸ்.ஐ.எல். அமைப்பின் மொழியியலாளர். விசுவாசமும் இந்தப் படிப்பும் ஒரே ஆளிடம் தங்காது என்பது வரலாற்றுக்குப் பொருந்தாத பேச்சு.

ஆனால் இதே வரலாற்றுக்கு இன்னொரு முகம் இருக்கிறது, அதை அங்கே மறைக்காமல் சொல்லித்தருகிறார்களா என்பதுதான் என் கண்ணில் அந்தத் துறையின் தரத்தை அளக்கும் இடம். 1971-இல் பார்படோஸில் கூடிய மானுடவியலாளர்கள் லத்தீன் அமெரிக்கப் பழங்குடிகளிடையே மிஷனரி வேலையையே நிறுத்த வேண்டும் என்று பகிரங்கமாக அறிக்கை விட்டார்கள். நான் மேலே சொன்ன அதே எஸ்.ஐ.எல். அமைப்போடு இருந்த ஒப்பந்தத்தை மெக்சிகோ 1979-இல் முறித்தது, எக்குவடோர் 1981-இல் அதை வெளியேறச் சொன்னது. எக்குவடோர் வீட்டனுக்கு வெறும் வரைபடப் பெயர் இல்லை, 1956-இல் அங்கே வாவ்ரானி என்ற பழங்குடி மக்களால் கொல்லப்பட்ட மிஷனரி ஜிம் எலியட் வீட்டனில் படித்தவர், அந்தக் கல்லூரியில் அவர் ஒரு புனிதரைப் போல. அந்தக் கதையை வாவ்ரானிகளின் பக்கத்திலிருந்தும் ஒரு மாணவி எழுத இடம் கிடைக்குமா?

நம் பக்கமும் இதே கணக்குதான். தரங்கம்பாடியில் இருந்த சீகன்பால்க் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் எழுதி அனுப்பியதை, ஜெர்மனியில் அவருடைய மிஷனின் தலைமை இருந்த ஹாலே நகரில் அச்சிட மறுத்துவிட்டார்கள். அஞ்ஞானத்தை வேரறுக்கத்தான் அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப இல்லை என்பது அவர்கள் வாதம். அது அச்சேறியது 1867-இல், சென்னையில். இன்னொரு பக்கம், கால்டுவெல் 1849-இல் எங்கள் திருநெல்வேலி நாடார்களைப் பற்றி எழுதிய சிறு நூல் அந்தச் சமூகத்தைத் தாழ்வாகக் காட்டியது என்று பின்னாளில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. உங்கள் மகள் இந்த மேஜரை எடுத்தால் இந்த இரண்டு பேரும் அவர் வழியில் வருவார்கள். தமிழ்க் கிறிஸ்தவப் பெண் என்ற முறையில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டெக்சாஸ் பையனைவிட இதைப் பற்றிப் பேச அவருக்கு அதிகம் இருக்கும், பேராசிரியருக்கும் அது தெரியும், சில சமயம் வகுப்பில் எல்லாவற்றுக்கும் அவர் முகத்தையே பார்ப்பார்கள். அது சலிப்பாகவும் இருக்கும்.

வீட்டன் இந்த விஷயத்தில் மோசம் என்று நான் நினைக்கவில்லை. அங்கே மானுடவியல் கற்பித்த பிரையன் ஹவல், அமெரிக்கச் சபைகள் பிள்ளைகளை ஒரு வாரம், இரண்டு வாரம் வெளிநாட்டுக்கு ஊழியம் என்று அனுப்புகின்றனவே, அந்தப் பயணங்களையே களப்பணியாக எடுத்து, ஒரு குழுவோடு டொமினிகன் குடியரசுக்குப் போய் 2012-இல் நூல் வெளியிட்டார். திரும்பி வந்து சொல்லப்போகும் சாட்சி போவதற்கு முன்பே எப்படித் தயாராகிவிடுகிறது என்று அதில் காட்டியிருக்கிறார். சொந்த வீட்டையே இப்படிப் படம்பிடிக்க விடுகிற இடம் என்பது நல்ல அடையாளம்.

அதே சமயம் எல்லை எங்கே என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2015 டிசம்பரில் வீட்டனின் அரசியல் அறிவியல் பேராசிரியர் லரிசியா ஹாக்கின்ஸ், இஸ்லாமியர்களோடு ஒருமைப்பாடாக ஹிஜாப் அணிந்து, நாங்கள் ஒரே தேவனை வணங்குகிறோம் என்று எழுதியதற்காக விடுப்பில் அனுப்பப்பட்டார். சில வாரங்களில் கல்லூரியும் அவரும் பிரிந்தார்கள். நிரந்தரப் பதவி பெற்றிருந்தவர். கல்வித்துறை வழக்கப்படி இப்படியொரு கட்டுப்பாடு இருப்பதில் வியப்பில்லை: அமெரிக்கப் பேராசிரியர் சங்கத்தின் 1940-ஆம் ஆண்டு அறிக்கையே, மத நோக்கம் காரணமான கட்டுப்பாடுகளை வேலைக்குச் சேரும்போது எழுத்தில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கேட்டது, இருக்கவே கூடாது என்று சொல்லவில்லை. மாணவிக்கு இந்த விதி நேரடியாகப் பொருந்தாது. ஆனால் அவருக்குக் கற்பிக்கிறவர் எதைச் சொல்லாமல் விழுங்குகிறார் என்பதில் இது தெரியும்.

விசுவாசம் போய்விடுமா என்பதற்கு ஆம், இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். என் அனுபவத்தில், போனவர்களில் பரிணாமத்தால் போனவர்கள் மிகக் குறைவு. களப்பணிக்குப் போன இடத்தில் வேறு மதத்துக்காரர் ஒருவர் மாதக்கணக்கில் சோறு போட்டுத் தாய்போலப் பார்த்துக்கொண்டார், இவர் நரகத்துக்குப் போவார் என்று இனி எப்படிச் சொல்வேன் என்று தடுமாறியவர்கள்தான் அதிகம். அதே தடுமாற்றத்தைக் கடந்து முன்னைவிடப் பிடிப்போடு நின்றவர்களும் உண்டு. வீட்டனில் 1976-இலிருந்து எச்.என்.ஜி.ஆர். என்ற ஆறு மாதப் பயிற்சித் திட்டம் இருக்கிறது, ஏழை நாடுகளில் உள்ளூர் அமைப்புகளோடு தங்கி வேலை செய்ய வேண்டும். அப்படி ஏதாவது ஒன்றில்தான் இந்தக் கேள்வி உண்மையாக எழும், வகுப்பறையில் இல்லை. உங்கள் மனைவிக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது: இந்தத் தடுமாற்றம் வரும்போது பேச ஒரு ஆள், அதுவும் விசுவாசத்தைக் கேலி செய்யாத ஆள், பக்கத்தில் இருக்க வாய்ப்பு அரசுப் பல்கலைக்கழகத்தைவிட அங்கே கூடுதல். வகுப்பில் 'பண்பாட்டுச் சார்பியம்' என்று கேட்டுவிட்டு வந்து பெண் விடுமுறையில் வீட்டில் பேசினால் பதற வேண்டாம். தீர்ப்பு சொல்வதை ஒத்திவைத்து முதலில் புரிந்துகொள் என்கிற வேலைமுறை அது. எல்லாமே சரி என்கிற கொள்கையோடு அதைக் குழப்புவது முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் செய்வது.

வெளியே மதிப்பு உண்டா? முனைவர் படிப்புக்குத் தேர்வு செய்யும் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். பார்ப்பது பரிந்துரைக் கடிதம், எழுத்து மாதிரி, களப்பணி செய்த அனுபவம், என்ன ஆராய விரும்புகிறார் என்பதில் இருக்கும் தெளிவு. கல்லூரிப் பெயரைப் பார்த்து முகம் சுளிக்கும் ஆள் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன், கிறிஸ்தவர் என்றாலே ஒரு மாதிரி பார்க்கும் பழக்கம் எங்கள் துறையில் இருந்தது, கொஞ்சம் இன்னும் இருக்கிறது. ஆனால் இந்த நூற்றாண்டில் கிறிஸ்தவத்தையே ஆராய்வது தனிக் கிளையாக வளர்ந்துவிட்டது. பப்புவா நியூ கினியில் களப்பணி செய்த ஜோயல் ராபின்ஸ், இறையியலிடமிருந்து மானுடவியல் கற்க என்ன இருக்கிறது என்று 2006-இல் எழுதிய பிறகு அந்தப் பேச்சு மரியாதையான பேச்சாகிவிட்டது. ஊழியப் பயண அறிக்கையை ஆய்வு என்று அனுப்பினால் மட்டும் கண்டிப்பாகத் தள்ளிவிடுவோம்.

வேலை. இளங்கலையோடு 'மானுடவியலாளர்' என்ற பலகையோடு வேலை இல்லை, அதற்குக் குறைந்தது முதுகலை வேண்டும், இது எந்தக் கல்லூரிக்கும் பொருந்தும். பட்டத்தோடு போகிறவர்கள் அகதிகள் குடியேற்றம், பொதுச் சுகாதாரம், தொண்டு நிறுவனங்கள், பள்ளி, மென்பொருள் நிறுவனங்களில் பயனர் ஆய்வு என்று போகிறார்கள். வீட்டனைச் சுற்றியுள்ள டூபேஜ் பகுதியில் அகதிகள் குடும்பங்கள் கணிசமாக இருப்பதால் படிக்கும்போதே இந்த வேலையைப் பழக வழியுண்டு. கணினி படித்தவருக்குக் கிடைக்கும் முதல் சம்பளத்தை எதிர்பார்க்க வேண்டாம். புள்ளியியலும் ஸ்பானிஷோ அரபியோ ஏதாவது ஒரு மொழியும் சேர்த்துப் படித்தவர்களுக்கு நிலைமை தெளிவாக நன்றாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கையெழுத்துப் போடும் முன் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள், நீங்கள் அனுப்பாதீர்கள், மகளே அனுப்பட்டும். மானுடவியலுக்கென்றே முழுநேர ஆசிரியர் எத்தனை பேர், சமூகவியல் ஆசிரியர் சேர்த்து ஓட்டுகிறாரா? உயிரியல் மானுடவியல் பாடம் ஏதாவது உண்டா, அதற்கு என்ன பாடநூல்? களப்பணிக்குப் போகும்போது மாணவர் ஆய்வாளராகப் போகிறாரா, ஊழியராகப் போகிறாரா, அங்கே சந்திக்கிறவர்களிடம் எதைச் சொல்லச் சொல்வார்கள்? கடைசிக் கேள்விக்குக் குழப்பமாகப் பதில் வந்தால் யோசியுங்கள். கடந்த சில ஆண்டுகளில் எழுதிய இறுதியாண்டு ஆய்வேடு ஒன்றிரண்டைப் படிக்கக் கேட்கலாம், பெரும்பாலும் தருவார்கள். அப்புறம் அமெரிக்கா முழுக்கச் சின்னக் கல்லூரிகள் மாணவர் குறைந்த துறைகளை மூடிக்கொண்டும் இணைத்துக்கொண்டும் இருக்கும் காலம் இது, நான்கு வருடமும் இந்த மேஜர் இருக்குமா என்று நேராகவே கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கட்டணத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும் என்றால் முதுகலைச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மேஜரை முதல் நாளே அறிவிக்க வேண்டிய கட்டாயம் அமெரிக்கக் கல்லூரிகளில் பொதுவாக இல்லை. முதல் பருவத்தில் பண்பாட்டு மானுடவியல் அறிமுகப் பாடத்தையும், கூடவே புள்ளியியலையும் எடுக்கட்டும். இரண்டாம் ஆண்டு முடிவுக்குள் தீர்மானித்தால் போதும்.